பண்டோங் நிறத்தில் ஒரு மினி பஸ்

செந்தூலில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் பின்பக்கத்தில், துணி காயப்போடும் கம்பியில், மூன்று மாதங்களாக 41 பிளாஸ்டிக் கரண்டிகள் தொங்கிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு வேறு இளஞ்சிவப்பு. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். சில நாள்களில் எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. அடுத்த வீட்டு அக்கா என் மனைவியிடம், "உங்க வீட்ல ஏதும் நேர்த்திக்கடனா?" என்று கேட்டாராம். இல்லை என்று உறுதியாகச் சொல்ல என்னாலும் முடியவில்லை.

நான் தேடுவது ஒரே ஒரு நிறம். 1975ஆம் ஆண்டில் கோலாலம்பூர் சாலைகளில் ஓடத் தொடங்கி 1998இல் நிறுத்தப்பட்ட மினி பஸ்ஸின் இளஞ்சிவப்பு. இடுப்பில் ஒரு வெள்ளைப் பட்டை, எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், படியில் தொங்குகிறவர்களையும் சேர்த்துக்கொண்டு வளைவுகளில் சாய்ந்து செல்லும் அந்தச் சிறிய வண்டியில்தான் என் பள்ளிப் பருவத்தின் பெரும்பகுதி கழிந்தது. அதை 1/43 அளவில் பிளாஸ்டிக் தகடுகளை வெட்டி ஒட்டி நானே கட்டினேன். கூரை, சன்னல் சட்டங்கள், சக்கர வளைவுகள் ஆகியவற்றுக்கு ஐந்து மாதங்கள் பிடித்தன. அவற்றைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. பொறுமையும் கூர்மையான கத்தியும் இருந்தால் எவரும் செய்துவிடலாம். சாயத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

மாடல் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் போர் விமானங்களையும் டாங்கிகளையும் கட்டுகிறார்கள். அவர்களுக்கு எண்கள் உண்டு. ஜெர்மானியர்கள் 1927இல் 40 நிறங்களோடு தொடங்கிய ரால் அட்டவணையும், அமெரிக்க அரசு 1956இல் வெளியிட்ட ஃபெடரல் ஸ்டாண்டர்ட் 595 தொகுப்பும், ஒரு நிறத்தைக் கண்ணால் பார்க்காத ஒருவர்கூட எண்ணைச் சொல்லி வாங்கிவிடக்கூடிய ஏற்பாடுகள். தமியா, வயேஹோ முதலிய சாய நிறுவனங்கள் அந்த எண்களுக்கு நெருக்கமான புட்டிகளை விற்கின்றன. புட்டி இல்லாவிட்டாலும், எதை எத்தனை பங்கு கலக்க வேண்டும் என்று பெட்டியில் வரும் தாளிலேயே அச்சிட்டிருப்பார்கள். ஆனால், ஒரு நகரமே 23 ஆண்டுகள் கை நீட்டி நிறுத்திய வண்டிக்கு நான் பார்த்த எந்த அட்டவணையிலும் எண் இல்லை.

முதலில் சோம்பல்பட்டு, தமியாவின் எக்ஸ்-17 என்ற ஆயத்த இளஞ்சிவப்பை அடித்துப் பார்த்தேன். பஸ் பொம்மைக் கடைக்குப் போய்விட்டது. அடுத்து, பளபளப்பு வெள்ளையான எக்ஸ்-2இல் சிவப்பான எக்ஸ்-7ஐத் துளித் துளியாகச் சேர்த்தேன். எதிர்பார்த்ததைவிட ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த, சால்மன் மீன் துண்டைப் போன்ற ஒரு நிறம் வந்தது. இங்கேதான் சாயக் கலவையின் முதல் பாடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். புட்டிக்குள் 'சிவப்பு' என்று தனியாக ஒன்று கிடையாது. மஞ்சள் பக்கம் சாய்ந்த சிவப்பு இருக்கிறது, நீலப் பக்கம் சாய்ந்த சிவப்பு இருக்கிறது. அடர்த்தியாகப் பூசும்போது இரண்டும் சிவப்பாகவே தோன்றி நம்மை ஏமாற்றும்; வெள்ளையைச் சேர்த்த பிறகுதான் அவற்றின் உண்மையான குணம் வெளியே வரும். ஒன்று பீச் பழ நிறத்துக்கும், மற்றொன்று ரோஜா நிறத்துக்கும் போகும். ஆகவே, ஒரு புட்டியை வாங்கியதும் அதில் ஒரு துளியை 20 துளி வெள்ளையில் கலந்து, ஒரு கரண்டியில் அடித்து வைத்துக்கொள்வது நல்லது. மூடியில் ஒட்டியிருக்கும் நிறத்தைக் காட்டிலும் அந்தக் கரண்டி அதிகம் சொல்லும்.

நம் ஊர் உணவுக்கடைகளில் கிடைக்கும், ரோஜா சிரப்பில் பால் கலந்த பண்டோங் பானம் இதற்கு மிகச் சிறந்த உதாரணம். ரோஜா சிரப் கண்ணாடிக் குவளையின் அடியில் இருக்கும்போது மாணிக்கம் போலத் தெளிந்த சிவப்பாக இருக்கிறது; ஒளி அதன் ஊடே புகுந்து வெளியேறுகிறது. பாலை ஊற்றியவுடன் அது வெளிறுவதோடு நிற்பதில்லை, கொஞ்சம் குளிர்ந்தும் போகிறது. பாலில் மிதக்கும் நுண்ணிய கொழுப்புத் துளிகள் ஒளியைச் சிதறடிக்கின்றன, அதிலும் நீல ஒளியைச் சற்று அதிகமாகச் சிதறடிக்கின்றன. வெள்ளைச் சாயத்தில் இருக்கும் டைட்டானியம் டையாக்சைடு துகள்கள் செய்வதும் ஏறக்குறைய இதே வேலையைத்தான். வெள்ளை என்பது நிறத்தை நீர்க்கச் செய்யும் நடுநிலையான பொருள் என்று நான் பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன். அது தன் பங்குக்கு நிறத்தை ஒரு பக்கம் இழுக்கிறது. மினி பஸ்ஸை அந்தக் காலத்தில் நாங்கள் பண்டோங் பஸ் என்றுதான் கேலி செய்வோம். அந்தக் கேலிக்குள் ஒரு பௌதிகப் பாடம் இருந்தது அப்போது தெரியாது.

இவற்றையெல்லாம் நான் கற்றுக்கொண்டிருக்க வேண்டியது அப்பாவிடம். அவர் ஈப்போ சாலைப் பக்கம் இருந்த ஒரு பட்டறையில் பஸ்களுக்கும் லாரிகளுக்கும் சாயம் அடித்தவர். ஓய்வு நாள்களில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர். சிறுவனாக அவருடன் போனபோது நான் பார்த்து வியந்த ஒரு வித்தை இன்னும் நினைவில் இருக்கிறது. மஞ்சள் சாயத்தில் துளி கருப்பை விட்டுக் கிண்டினார். அழுக்கு மஞ்சளை எதிர்பார்த்த என் கண் முன்னே அது பச்சையானது. "கருப்புன்னு நினைக்காதே, அது ரொம்ப இருட்டான நீலம்" என்றார். வேதியியல் அடிப்படையில் அது முழுச் சரியில்லை, ஆனால் கிண்டும் கைக்கு அதைவிடப் பயனுள்ள விளக்கம் கிடையாது. வெள்ளையில் கருப்பைச் சேர்த்தாலும் அப்படியே. வெறும் சாம்பல் வராது, நீலம் பாய்ந்த சாம்பல் வரும். இளஞ்சிவப்பை அடக்குவதற்காக நான் ஒருமுறை அதில் கருப்பைச் சேர்த்தபோது அது அடங்கவில்லை, காயம்பட்ட தோலைப் போலக் கன்றிப்போனது. அடக்குவதற்குச் சரியான வழி, எதிர் நிறமான பச்சையில் மிகச் சிறிய துளியைச் சேர்ப்பதே.

அவருடைய இன்னொரு விதி, அடர்ந்ததை வெளிரில் ஊற்ற வேண்டுமே தவிர, வெளிரை அடர்ந்ததில் ஊற்றக் கூடாது என்பது. அவசரத்தில் இதை மீறினேன். சிவப்பில் வெள்ளையை ஊற்றத் தொடங்கி, இன்னும் வெளிற வேண்டும், இன்னும் வெளிற வேண்டும் என்று ஊற்றி ஊற்றி, 10 மில்லிலிட்டர் வெள்ளைப் புட்டிகள் இரண்டு காலியாகியும் வேண்டிய இடத்துக்கு வந்து சேரவில்லை. ஒரு கையளவு பஸ்ஸுக்கு, ஒரு மேசையை அடிக்கும் அளவு சாயம் கையில் இருந்தது. இன்னொரு நாள், கையிருப்பில் இருந்த வயேஹோ சாயத்தைத் தமியாவுடன் கலந்தேன். இரண்டின் புட்டியிலும் 'அக்ரிலிக்' என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் ஒன்று நீரைச் சார்ந்தது, மற்றொன்றில் ஆல்கஹால் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தவுடன் பால் திரிவது போலத் திரிந்து, ரப்பர் துணுக்குகளாகி, ஏர்பிரஷ்ஷின் மூக்கை அடைத்துக்கொண்டது. அந்த ஊசியைச் சுத்தம் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

அளவு குறித்தும் சொல்ல வேண்டும். துளிகளை எண்ணுவது எளிது, ஆனால் துளி என்பது நம்பத்தகுந்த அளவுகோல் அல்ல. தண்ணீர் சொட்டினால் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 20 துளிகள் வரும். சாயத்தை நீர்க்கவைக்கும், ஆல்கஹால் கலந்த தின்னரின் பரப்பு இழுவிசை குறைவு என்பதால், அதே சொட்டானில் துளி சிறுத்து, எண்ணிக்கை கூடிவிடும். சொட்டானை மாற்றினால் கணக்கே மாறும். ஆகவே நான் இப்போது நகைக்கடைத் தராசு போன்ற, 0.01 கிராம் வரை காட்டும் ஒரு சிறு மின்தராசில் எடை போடுகிறேன். எந்தப் புட்டியிலிருந்து எத்தனை கிராம், எந்தத் தேதி, எந்தக் கரண்டி என்பதையெல்லாம் ஒரு பள்ளி நோட்டில் எழுதி வைக்கிறேன். இது மிகை என்று நண்பர்கள் சொல்வார்கள். பாதி பஸ்ஸை அடித்த பிறகு சாயம் தீர்ந்து, அதே நிறத்தை மீண்டும் கலக்க வேண்டி வந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

கலவை கிண்ணத்தில் சரியாக இருப்பது ஒன்றுக்கும் உதவாது. நீர் சார்ந்த அக்ரிலிக் சாயங்கள் ஈரமாக இருக்கும்போது சற்றுப் பால் போலிருந்து, காய்ந்ததும் தெளிந்து அடர்கின்றன. பளபளப்பில்லாத மேட் சாயமோ காய்ந்த பின் அதன் சொரசொரப்பான மேற்பரப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வெளிறித் தெரியும். அதன் மேல் பளபளப்பு வார்னிஷை அடித்தால், மழையில் நனைந்த செம்மண் தரையைப் போல நிறம் சட்டென்று ஆழமாகிவிடும். அடியில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். சிவப்பும் மஞ்சளும் ஒளியை ஊடுருவவிடும் நிறங்கள். சாம்பல் பிரைமரின் (அடிப்பூச்சின்) மேல் நான் அடித்த இளஞ்சிவப்பு ஐந்து பூச்சுக்குப் பிறகும் சோர்ந்தே இருந்தது. வெள்ளைப் பிரைமரின் மேல் அதே கலவை இரண்டே பூச்சில் மலர்ந்தது. முதல் 12 கரண்டிகளை நான் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கியதற்குக் காரணம் இதுதான். கலவை மாறிக்கொண்டிருக்கிறது என்று நினைத்திருந்தேன், மாறியது அடித்தளம்.

இதற்கு மேல் நம் ஊரின் ஈரம். மாலை மழைக்கு முன் காற்று கனத்துக் கிடக்கும் நேரத்தில் லாக்கர் வகை வார்னிஷை அடித்தால், தின்னர் வேகமாக ஆவியாகி மேற்பரப்பைக் குளிரவைக்க, காற்றின் ஈரம் அதில் படிந்து வெண்படலமாகிவிடும். 17ஆம் கரண்டி மட்டும் ஏன் பனி மூடியது போல இருக்கிறது என்று ஒரு வாரம் குழம்பினேன். நோட்டைப் புரட்டியபோது அன்றைய தேதிக்கு எதிரே 'இடி' என்று எழுதியிருந்தது.

எந்த வெளிச்சத்தில் பார்ப்பது என்பது இன்னும் பெரிய சிக்கல். அடுக்களையின் மஞ்சள் விளக்கில் பஸ்ஸின் பழைய துண்டு ஒன்றோடு அப்படியே பொருந்திய கரண்டி (அந்தத் துண்டைப் பற்றிக் கீழே சொல்கிறேன்), சன்னலோரத்தில் விலகி நின்றது. இரண்டு சாயங்கள் வெவ்வேறு நிறமிகளால் ஆனவையாக இருந்தால், ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்து இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துபோவது இயல்பே. வீட்டு விளக்கு 2700 கெல்வின் அளவில் மஞ்சளாக எரிகிறது. நிறம் பார்ப்பதற்கான பகல் ஒளி என்று தொழிலில் ஏற்றுக்கொள்ளப்பட்டிருப்பது 6500 கெல்வினை ஒட்டியது. வடக்குச் சன்னலில் வைத்துப் பார், அங்கே நேர் வெயில் வராது, ஒளி நாள் முழுக்க மாறாது என்று ஐரோப்பிய ஓவியர்களுக்கான கையேடுகள் சொல்லும். நானும் பக்தியோடு வடக்குச் சன்னலில் வைத்தேன். ஜூன் மாதம் அது. வெயில் நேராகக் கரண்டிகளின் மேல் விழுந்தது. கோலாலம்பூர் பூமத்தியரேகைக்கு வடக்கே மூன்று பாகையில்தான் இருக்கிறது. மார்ச் இறுதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறது. லண்டனுக்கு எழுதிய விதியைச் செந்தூலுக்குக் கொண்டுவந்தது என் தவறு. இப்போது, மேகம் மூடிய காலை பத்து மணிக்குப் பொது நடைபாதையில் நின்று பார்க்கிறேன்.

சரி, எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது? என்னிடம் இரண்டு சான்றுகள் இருந்தன. ஒன்று, 1980களில் எடுத்த ஒரு குடும்பப் புகைப்படம். அத்தை கையில் பையோடு நிற்க, பின்னால் ஒரு மினி பஸ்ஸின் பாதி தெரிகிறது. அந்தக் காலத்து வண்ணப்படத் தாள்களில் பலவற்றில், ஆல்பத்துக்குள் இருட்டில் வைத்திருந்தாலும் மூன்று சாயங்களில் சயான் என்ற பச்சை-நீலம் முதலில் மங்கிவிடும்; அதனால் படமே செவ்வண்ணம் பூத்துவிடும். படத்தில் அத்தையின் வெள்ளைக் கைப்பைகூட இளஞ்சிவப்பாக இருந்தது. அப்போதுதான் பஸ்ஸின் இடுப்புப் பட்டை கைகொடுத்தது. அது வெள்ளையாக இருந்திருக்க வேண்டும் என்பது நிச்சயம். ஆகவே கணினியில் அந்தப் பட்டை வெள்ளையாகும் வரை படத்தைத் திருத்தினேன். பட்டையில் படிந்திருந்த தூசியையும் புகையையும் சேர்த்து வெள்ளையாக்கிவிட்டேன் என்பதால், அதையும் முழுதாக நம்ப முடியாது.

இரண்டாவது சான்று, அப்பா பட்டறையிலிருந்து எப்போதோ கொண்டுவந்து, கருவிப்பெட்டிக்குள் போட்டு வைத்திருந்த உள்ளங்கையளவு தகரத் துண்டு. மோதிய வண்டியிலிருந்து வெட்டி எடுத்ததாம். வெளிப்பக்கம் சுண்ணாம்பு பூத்து, விரலால் தேய்த்தால் மாவு ஒட்டியது. நம் வெயிலில் உள்ள புற ஊதா ஒளி சாயத்தைப் பிணைத்திருக்கும் பிசினை அரித்துவிட, நிறமி மட்டும் பொடியாக மேலே நிற்கிறது. சிவப்பு நிறமிகளில் பலவும், வெள்ளை அதிகமாகவும் தாம் குறைவாகவும் இருக்கும் கலவையில், இன்னும் விரைவாக மங்குகின்றன. துண்டின் மடிப்புக்குள், வெயில் படாத ஒரு விரற்கடை அகலத்தில் மட்டும் வேறொரு பஸ் ஒளிந்திருந்தது: ஆழமான, சற்றுக் குளிர்ந்த, கூச்சமில்லாத இளஞ்சிவப்பு. பட்டறையை விட்டு வெளியே வந்த முதல் நாள் பஸ் அது. நான் ஏறிய பஸ் எது? பெரும்பாலும், அந்த மடிப்புக்கும் மாவுக்கும் நடுவில் எங்கோ இருந்தது.

மாடல் உலகில் இதற்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. தொலைவில் இருக்கும் பொருளின் நிறம் காற்றால் வெளிறித் தெரிவதால், அளவு சிறுக்கச் சிறுக்க வெள்ளையைக் கூட்ட வேண்டும் என்பார்கள். 1/48க்கு 10 விழுக்காடு, 1/72க்கு 15 விழுக்காடு என்று சொல்வதுண்டு. அந்த விழுக்காடுகளை நான் அப்படியே ஏற்பதில்லை. அடர் பச்சை விமானத்துக்குப் பொருந்தும் கணக்கு, ஏற்கெனவே வெள்ளை நிறைந்த இளஞ்சிவப்புக்குப் பொருந்த வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அதன் பின்னுள்ள எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. 1/43 அளவு பஸ்ஸை 30 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துப் பார்ப்பது, உண்மையான பஸ்ஸை ஏறக்குறைய 13 மீட்டர் தூரத்தில் பார்ப்பதற்குச் சமம். 13 மீட்டர் என்பது, நிறுத்தத்தில் நிற்கும் ஒருவன், இது நம் எண்தான் என்று கண்டுகொண்டு கையை நீட்டும் தூரம். எனக்கு வேண்டிய நிறம் அந்தத் தூரத்து நிறம்.

நோட்டில் கடைசியாக நிலைத்த கலவை இது: எக்ஸ்-2 வெள்ளை 30 பங்கு, எக்ஸ்-7 சிவப்பு 7 பங்கு, அந்தச் சிவப்பின் மஞ்சள் சாய்வைத் திருப்ப எக்ஸ்-16 ஊதா 1 பங்கு. அதுதான் 41ஆம் கரண்டி. மடிப்பின் நிறத்தைவிட ஒரு படி வெளிர், மாவைவிட இரண்டு படி அடர்வு. அதை எடுத்துக்கொண்டு, தகரத் துண்டையும் எடுத்துக்கொண்டு, அப்பாவிடம் போனேன்.

அவருக்கு இப்போது 79 வயது. சென்ற ஆண்டு வலது கண்ணில் புரை நீக்கினார்கள். இடது கண் இன்னும் காத்திருக்கிறது. கரண்டியை நடைபாதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, "நீலம் கூடிப்போச்சு" என்றார். கையை மாற்றி வலது கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப சரியா இருக்கே" என்றார். அவருக்கே அது வேடிக்கையாக இருந்தது. நாலைந்து முறை மாற்றி மாற்றிப் பார்த்துச் சிரித்தார். புரை படர்ந்த கண்வில்லை மஞ்சள் கண்ணாடியைப் போல நீலத்தைத் தடுக்கிறது என்பதும், அதை நீக்கிய கண் உலகத்தைத் திடீரென்று நீலமாகக் காண்கிறது என்பதும் எனக்குத் தெரியும். இவற்றில் எந்தக் கண் பட்டறையில் வேலை செய்த கண் என்பதுதான் தெரியவில்லை. தெளிந்த வில்லையோடு சாயம் அடித்தவர் அவர். ஆனால் அந்த நிறத்தை இத்தனை ஆண்டுகள் நினைவில் வைத்திருந்தது மஞ்சளேறிய கண்.

"அப்பா, அப்போ நீங்க என்ன அளவுல கலந்தீங்க?" என்று கேட்டேன். இதைத் தொடக்கத்திலேயே கேட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். கேட்காததற்கு வீம்பைத் தவிர வேறு காரணம் இல்லை.

"அளவா? புது வண்டிக்கு டின்னுல கலந்தே வரும்டா. ஒட்டுப்போட்ட இடத்துக்கு யாரு டின் வாங்கித் தருவா? நேத்து மிஞ்சின சிவப்பு, முந்தாநாள் மிஞ்சின வெள்ளை, எல்லாத்தையும் ஒண்ணா ஊத்தி, வண்டி பக்கத்துல வச்சுக் கிண்டுவோம். பொருந்துற வரைக்கும் கிண்டுவோம்."

ஒரே பஸ்ஸில் கதவுப் பக்கம் ஒரு நிறமும், மோதிச் சரிசெய்த மூலை வேறொரு நிறமுமாக அவை ஓடிய காட்சி அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. சொல்லி முடித்தவர், மேசையில் இருந்த கலவைக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பல்குத்தும் குச்சியை எக்ஸ்-8 எலுமிச்சை மஞ்சளில் தோய்த்து, கிண்ணத்தில் ஒரு முறை தட்டி, கொஞ்சம் யோசித்து, இன்னொரு முறை தட்டினார். தராசை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. கிண்டி, குச்சி முனையைத் தகரத்தின் மடிப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, "ம், அடி" என்றார்.

வெளியே தூறல் தொடங்கியிருந்தது. நோட்டில் 42 என்று மட்டும் எழுதி, எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்டு, கம்ப்ரஸரைப் போட்டேன்.